இருநூறு மணி நேரம்

சிட்னியில் ஒரு சோதனை நடந்தது. கைவினைஞர் ஒருவர் ஒத்த பலகைகளை எடுத்து, ஒரே சமயத்தில் இரண்டு வயலின்கள் செய்தார். ஒன்றைத் தொழில்முறைக் கலைஞர் ஒருவர் தொடர்ந்து வாசித்துவந்தார். மற்றது ஓர் அருங்காட்சியகத்தில், வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட இடத்தில், அதிகம் வாசிக்கப்படாமல் கிடந்தது. மூன்றாண்டுகள் கழித்து இரண்டையும் கொண்டுவந்து, எது எதுவென்று சொல்லாமல் வாசிக்கவைத்தார்கள், கேட்கவைத்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ரா இன்டா, ஜான் ஸ்மித், ஜோ வுல்ஃப் ஆகியோர் 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். வாசித்தவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் இரண்டுக்கும் நடுவே குறிப்பிடும்படியான தர வேறுபாடு எதுவும் தட்டுப்படவில்லை.

வயலின் வாசிக்க வாசிக்கத்தான் கனியும் என்பது பல தலைமுறைகளின் நம்பிக்கை. இரண்டு வயலினையும் மூன்றாண்டையும் வைத்து அதைப் பொய் என்று தீர்த்துவிட முடியாது. முப்பதாண்டில் என்ன ஆகும் என்று அந்தச் சோதனை பேசவே இல்லை. ஆனால் அதைச் செய்தவர்களின் ஒரு காரியம் என்னை மிகவும் கவர்ந்தது. அதிகம் வாசிக்காத வயலின் ஒன்றைப் பத்திரமாக எடுத்துவைத்தார்கள். 'முன்பு எப்படி இருந்தது' என்ற கேள்விக்குப் பதிலாக நீட்ட அவர்கள் கையில் ஒரு பொருள் இருந்தது. புதுக் கருவியை ஓடவிட்டுப் பழக்கும் 'பர்ன்-இன்' பற்றி ஆடியோ பிரியர்கள் பேசும்போது அந்தப் பொருளைத்தான் காணோம்.

புது ஒலிபெருக்கியோ ஹெட்போனோ வாங்கி, வீட்டில் கேட்டுப் பார்த்து, என்னவோ ஒட்டவில்லையே என்று கடைக்குப் போன் செய்தவர்களுக்கு இந்தப் பதில் பழக்கமானது. "இப்பவே முடிவு பண்ணிடாதீங்க சார். இன்னும் பர்ன்-இன் ஆகலை. ஒரு இருநூறு மணி நேரம் ஓடட்டும், அப்புறம் கேட்டுட்டுச் சொல்லுங்க." சிலர் ஐம்பது என்பார்கள், சிலர் ஐந்நூறு. விலை ஏற ஏற மணிக்கணக்கும் ஏறுவதைக் கவனித்திருக்கிறேன். இயற்பியலில் அப்படியொரு விதி கிடையாது.

இதற்கென்று சடங்குகளும் உண்டு. அருவி இரைச்சல் போன்ற 'பிங்க் நாய்ஸ்' என்ற ஒலியைப் போட்டுவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவது ஒரு முறை. இரண்டு ஒலிபெருக்கிகளையும் எதிரெதிரே முட்டவைத்து, ஒன்றுக்கு மட்டும் வயரைத் தலைமாற்றிக் கொடுத்து, மேலே கம்பளியைப் போர்த்திவிடுவது இன்னொன்று. அப்போது ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்துக்கொள்ளும், சத்தம் பெருமளவு அடங்கிவிடும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். ராத்திரி முழுக்கக் கம்பளிக்குள் முனகிக்கொண்டிருக்கும் பெட்டிகளைப் பார்த்தால், காய்ச்சலில் படுத்திருக்கும் யாரையோ பார்ப்பதுபோல் இருக்கும்.

இந்த நம்பிக்கை நம்மிடம் இத்தனை சுலபமாக ஏறிக்கொள்வதற்கு மோட்டார் சைக்கிளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். புது வண்டியை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு முறுக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எஞ்சினுக்குள் பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் உரசி உரசி ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கின்றன. முதல் ஆயில் மாற்றும்போது அந்த உலோகத் துகளைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஒலிபெருக்கிக்குள் உரசுகிற இடம் எதுவுமே இருக்கக் கூடாது. உரசினால் அதற்குப் பெயர் ரிப்பேர்.

உரசல் இல்லை, அசைவு உண்டு. அதனால் ஒலிபெருக்கியின் விஷயத்தில் இந்த நம்பிக்கைக்குக் கொஞ்சம் அடிப்படையும் உண்டு. கோன் என்கிற அந்தக் காகிதக் கூம்பின் முனையில் செம்புக் கம்பிச் சுருள், வாய்ஸ் காயில், இருக்கிறது. காந்தத்தின் இடுக்கில் அது எதையும் தொடாமல் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். அதை மையத்தில் நிறுத்திவைப்பவை இரண்டு. கோனின் வெளிவிளிம்பைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும் ரப்பர் அல்லது ஃபோம் வளையம் ஒன்று. உள்ளே, பார்வைக்குப் படாத இடத்தில், அலையலையாக மடித்த துணித் தட்டு இன்னொன்று. அதை ஸ்பைடர் என்பார்கள். அந்தத் துணியைப் பிசினில் நனைத்துச் சூட்டில் அழுத்தி விறைப்பாக்கியிருப்பார்கள். முதன்முதலாகப் பலமாக அசையும்போது அந்தப் பிசினின் பிணைப்புகள் ஆங்காங்கே விட்டுக்கொடுக்கும். துணி கொஞ்சம் தளரும். கோன் இயல்பாக அதிரும் எண்ணிக்கை சற்றுக் கீழே இறங்கும்.

இதை அளக்கலாம். அளக்கும் முறையும் சிட்னியில்தான் உருவானது. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் வெளியிட்ட கட்டுரையும், அமெரிக்காவிலிருந்து சிட்னி பல்கலைக்கழகத்துக்கு வந்து ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் எழுதியவையும் சேர்ந்துதான் இன்று எல்லா ஒலிபெருக்கி வடிவமைப்பாளர்களும் பயன்படுத்தும் 'தீல்-ஸ்மால்' அளவைகள் ஆயின. பேஸ் ஒலிக்கான வூஃபரைப் புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்து அளந்து, கொஞ்ச நேரம் நன்றாக ஆட்டிவிட்டு மறுபடி அளந்தால், எண்கள் நகர்ந்திருக்கும். சந்தேகமே இல்லை.

இந்த இடத்தில் கதையில் இரண்டு முடிச்சுகள் விழுகின்றன. முதலாவது, அந்தத் தளர்ச்சியின் பெரும்பகுதி நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. நல்ல கம்பெனியில் சோதனைமேடையில் வைத்து ஒலியெழுப்பிப் பார்க்கும்போதே பாதிக் காரியம் ஆகிவிடும். அதற்குமேல் தளர்வது மிகக் கொஞ்சம். அதிலும் ஒரு பகுதி, ஓய்வு கொடுத்தால் பழையபடி இறுகிக்கொள்ளும். இரண்டாவது, வூஃபரை நாம் தனியாகக் கேட்பதில்லை, பெட்டிக்குள் வைத்துக் கேட்கிறோம். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான், பெரும்பாலும் அதுதான் வலுவான ஸ்பிரிங். ஸ்பைடர் தளர்ந்தால் ஓர் அளவை இறங்கும், இன்னோர் அளவை ஏறும். பெட்டியிலிருந்து வெளியே வரும் பேஸ் ஏறக்குறைய இருந்தபடியே இருக்கும். தீல்-ஸ்மால் கணக்கைத் தெரிந்தவர் காகிதத்தில் பத்து நிமிடத்தில் இதைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஃபிளாய்ட் டூல் இதைக் காகிதத்தோடு விடவில்லை. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பல ஆண்டுகள் ஒலிபெருக்கிகளை அளந்தவர், பிறகு ஹார்மன் நிறுவனத்துக்குப் போனவர். தங்கள் பெட்டிகளைப் பழக்கிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும் என்று சில தயாரிப்பாளர்கள் சொன்னபோது, பழக்குவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். பேஸின் அடிப்பகுதியில் மிகச் சிறிய மாற்றம் தென்பட்டதைத் தவிர வேறொன்றும் சிக்கவில்லை. அதே மாடலில் உள்ள இரண்டு பெட்டிகளுக்கு நடுவே தொழிற்சாலையிலேயே இருக்கும் வேறுபாடு இதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். பெட்டியைச் சுவரிலிருந்து ஓர் அடி நகர்த்தினால் பேஸில் வரும் மாற்றம் இதைவிடப் பலமடங்கு.

சென்னை வெயிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். பலமாக ஓடும் வாய்ஸ் காயில் நூறு டிகிரி சூடானால், தடை கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடி, சத்தம் தானாகவே சற்று அமுங்கும். ஆறினால் திரும்ப வரும். மார்கழி விடியற்காலையில் ரப்பர் வளையம் ஒருமாதிரி இருக்கும், மே மாத மத்தியானத்தில் இன்னொருமாதிரி இருக்கும். இதெல்லாம் தினமும் நடக்கிறது. எந்த விளம்பரத் தாளும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்தொன்றில், பழைய வூஃபருக்கு விளிம்பு மாற்றும் மெக்கானிக் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஃபோம் வளையங்கள் நம் கடற்கரைக் காற்றில் பத்துப் பதினைந்து ஆண்டு தாங்கினால் பெரிது. ஈரம் அந்த ஃபோமின் மூலக்கூறுகளையே அறுத்துவிடுகிறது. அவர் விரல் வைத்ததும் வளையம் பொடிந்து, தாரைப் போல நகத்தில் ஒட்டிக்கொண்டது. தின்னரில் நனைத்த துணியால் விளிம்பைத் துடைத்தார். நடுவிலிருந்த மூடியைப் பிளேடால் நெம்பி எடுத்து, எக்ஸ்ரே ஃபிலிமில் கீற்று கீற்றாக வெட்டியவற்றை வாய்ஸ் காயிலுக்கும் காந்தத் துருவத்துக்கும் நடுவே சுற்றிலும் செருகினார். சுருள் மையத்தில் நிற்க வேண்டுமே, அதற்கு. புது வளையத்தை ஒட்டிக் காயவைத்து, ஃபிலிமை உருவிவிட்டு, இரண்டு கைக் கட்டைவிரலாலும் கோனை மெல்ல அமுக்கிக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். உரசல் இல்லை. பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது, "ரெண்டு நாளைக்கு சவுண்டு ஏத்தாதீங்க சார், மெல்ல ஓடட்டும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "பசை உள்ள இன்னும் ஈரமாத்தான் இருக்கும்."

ஒலிக்கருவியைப் பழக்குவதுபற்றி நான் கேட்டதிலேயே மிகவும் ஒழுங்கான விளக்கம் அதுதான்.

அந்தப் பொடிந்த ஃபோமில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தளர்வது நல்லது என்றால், எந்த அளவுக்குத் தளர்வது? இருநூறு மணி நேரத்தில் பதமாகத் தளர்கிற பொருள், இருநூற்றோராவது மணியில் போதுமென்று நின்றுவிடுமா? டூலும் ஏறக்குறைய இதையே கேட்டிருக்கிறார். பழகப் பழக எல்லாம் மேம்படுகிறது என்றே எல்லாரும் சொல்கிறார்கள், ஒன்றுகூடவா கெட்டுப்போகாது? பருத்தித்துணி, ரப்பர், காகிதம், பசை, காந்தம், செம்பு, மெழுகுக் காகிதம், அலுமினியத் தகடு எனக் குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இத்தனை பொருள்களும் கூடிப் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒரே திசையில், காதுக்கு இனிமையை நோக்கியே, நகர்கின்றன என்பது நம்பத்தகுந்ததாக இல்லை.

உண்மையிலேயே மாறுகிற கருவியைக் கையாள்கிறவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். மிருதங்க வித்வானைக் கேளுங்கள். மூட்டு என்கிற தோல் முகப்பைப் புதிதாகப் போட்டால் தோல் இழுபட்டு நிலைக்கும்வரை சுருதி நிற்காது, மறுபடி மறுபடி தட்டிச் சேர்க்க வேண்டும் என்பார். பிறகு நல்ல காலம் ஒன்று வரும் என்பார். அதற்குப் பிறகு கரணை வெடித்து நாதம் போய்விடும், மூட்டை மாற்றியாக வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்வார். நாகஸ்வரக்காரரின் வாத்தியத்தில் நூல் கட்டித் தொங்கும் சீவாளிகள் எதற்கு? ஒன்று வாயில் ஊறிப் பதத்துக்கு வரும், இன்னொன்று படுத்துவிடும், இன்றைக்கு எது பேசும் என்று தெரியாது. அவர்கள் அறிந்த மாற்றத்தில் இளமை, நடுவயது, மூப்பு மூன்றும் உண்டு. ஆடியோக்காரர்களின் மாற்றத்தில் மூப்பே இல்லை. இந்தப் பேச்சைச் சந்தேகிக்க இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

மின்னணுப் பக்கம் நிலைமை இன்னும் மெலிவு. 'பர்ன்-இன்' என்ற வழக்கம் அங்கே உண்மையாகவே இருக்கிறது, ஆனால் வேறு காரியத்துக்காக. மின்னணுப் பாகங்களில் கோளாறுள்ளவை பெரும்பாலும் ஆரம்பத்திலேயே செத்துப்போகும். தப்பியவை நெடுங்காலம் ஓடும். ஆகவே ராணுவத்துக்கும் விண்கலத்துக்கும் போகும் பாகங்களைச் சூட்டு அடுப்பில் வைத்து மின்சாரம் கொடுத்து ஓட்டி, சாகிறவற்றை முன்கூட்டியே சாகவிடுகிறார்கள். அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-883 தரவிதியில் 125 டிகிரி செல்சியஸில் 160 மணி நேரம் என்பது ஒரு பழைய அளவு. மிஞ்சியவை முன்பைவிட நன்றாக வேலை செய்யும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. மிஞ்சின, அவ்வளவுதான்.

நீண்டநாள் கிடப்பில் கிடந்த எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்கு மின்சாரம் கொடுத்தால், உள்ளேயிருக்கும் ஆக்சைடு படலம் மீண்டும் உருவாகி, கசிவு குறையும். அது உண்மை. வால்வு ரேடியோ சூடேற நேரம் எடுத்துக்கொள்ளும். மர்ஃபி ரேடியோவின் பச்சைக் கண் விரிவதற்காகக் காத்திருந்த தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அது அன்றன்றைக்கு ஏறி அன்றன்றைக்கு ஆறுகிற சூடு. வயர்களைப் பழக்கித்தருகிற கருவிகள்கூட விற்பனையில் இருக்கின்றன. வயரில் அசைகிற பாகமும் கிடையாது, உருவாக வேண்டிய படலமும் கிடையாது. அதைப் பற்றி இதற்குமேல் ஒரு வாக்கியம் செலவழிப்பது வீண்.

அப்படியானால் இத்தனை பேர் பொய்யா சொல்கிறார்கள்? அப்படி நான் நினைக்கவில்லை. முதல்நாள் காதைக் கீறிய ஹெட்போன் ஒரு மாதத்தில் இனிமையாகிவிட்டது என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அது நடந்தது. எங்கே நடந்தது என்பதில்தான் வழக்கு.

ஹெட்போனிலேயே ஒரு பகுதி நடந்திருக்கலாம். காதைச் சுற்றி அமரும் மெத்தை நாளாவட்டத்தில் அமுங்கி, தலையின் அமைப்புக்கு ஏற்ப வளைந்து, இடைவெளியை அடைக்கும். அடைப்பு சரியானால் பேஸ் கூடும். ஒலியெழுப்பும் டிரைவரைவிட அந்த ஸ்பாஞ்சுதான் அதிகம் மாறுகிறது. ஹெட்போனைக் கழற்றி மறுபடி மாட்டும்போது சில மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே உச்ச ஸ்தாயிப் பகுதியில் சில டெசிபெல் ஏறி இறங்கிவிடும். அளப்பவர்கள் இதற்காகவே பலமுறை கழற்றி மாட்டி, சராசரி எடுக்கிறார்கள்.

மிச்சம் நடப்பது தலைக்குள். முதல்நாள் ஒலியையும் இன்றைய ஒலியையும் ஒப்பிடுவதாகச் சொல்கிறோமே, அந்த முதல்நாள் ஒலி இப்போது எங்கே இருக்கிறது? ஓர் ஒலியின் நுணுக்கமான நிறத்தைச் சில வினாடிகளுக்குமேல் நினைவில் அப்படியே பிடித்துவைக்க முடியாது என்பது செவிப்புலனை ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. அதனால்தான் 1982-இல் டேவிட் கிளார்க் விவரித்த, எது ஓடுகிறதென்று கேட்பவருக்கும் நடத்துபவருக்கும் தெரியாத இருமறைப்பு ஒப்பீட்டுக் கருவி, பொத்தானை அழுத்திய மறுகணமே ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்படி செய்யப்பட்டது. ஒரு மாதத்துக்கு முந்தைய ட்ரெபிள் நமக்கு நினைவிருக்காது. 'ட்ரெபிள் கூர்மையாக இருந்தது' என்று அன்றைக்கு நாம் சொன்ன தீர்ப்பு நினைவிருக்கும். இன்று கேட்கும் ஒலியை அன்றைய தீர்ப்போடு ஒப்பிட்டுவிட்டு, இரண்டு ஒலிகளை ஒப்பிட்டதாக நம்புகிறோம்.

கண்ணும் சாட்சியைக் கலைக்கிறது. 1994-இல் டூலும் அவருடைய சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் ஹார்மன் ஊழியர்கள் 40 பேரை உட்காரவைத்து நான்கு ஒலிபெருக்கிகளுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒருமுறை திரைக்குப் பின்னால் வைத்து, ஒருமுறை கண்முன்னே வைத்து. பார்த்துக் கேட்டபோது பெட்டியின் அளவும் விலையும் பெயரும் மதிப்பெண்ணுக்குள் நுழைந்துவிட்டன. அத்தனை பேரும் ஒலிபெருக்கி செய்யும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர்கள். நாம் எம்மாத்திரம்? அடிக்கடி எதிர்ப்படுவதே பிடித்துப்போக ஆரம்பிக்கும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1968-இல் காட்டியதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கிய பொருள் என்றால் இன்னும் சீக்கிரம் பிடித்துப்போகும்.

இதுவரை சொன்னது மறதியும் மயக்கமும். காது கற்றுக்கொள்வது என்று ஒன்று தனியாக இருக்கிறது. அது பெரிய விஷயம், பர்ன்-இன் பேச்சில் அது அடிபடாமலே போவதுதான் எனக்கு வருத்தம்.

நெதர்லாந்தில் ஹாஃப்மன், வான் ரிஸ்விக், வான் ஆப்ஸ்டல் மூவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்பதை நாம் அறிவது காதுமடலின் மடிப்புகளால். ஒவ்வொருவர் மடிப்பும் ஒவ்வொரு விதம். நான்கு பேரின் காதுமடல்களுக்குள் சிறிய அச்சுகளைப் பொருத்தி, மடலின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். இடம் வலம் தெரிந்தது, ஆனால் மேல் கீழ் அடியோடு குழம்பிப்போனது. அச்சோடேயே நடமாடச் சொன்னார்கள். வாரங்கள் செல்லச் செல்ல, ஆறு வாரத்துக்குள், புதுக் காதாலேயே மேலும் கீழும் திரும்பத் தெரிய ஆரம்பித்தது. அச்சை எடுத்த பிறகு நடந்ததுதான் இன்னும் வியப்பு. பழைய காது உடனே வேலை செய்தது, தடுமாற்றமே இல்லை. இரண்டாவது மொழி கற்றவனுக்கு முதல் மொழி மறந்துபோவதில்லை என்பதைப் போல, மூளை இரண்டு காதுகளையும் வைத்துக்கொண்டது.

ஆறு வாரத்தில் காதுமடலையே புதிதாகப் படித்துக்கொள்ளும் மூளைக்கு, புது ஹெட்போனின் ட்ரெபிள் எம்மாத்திரம்?

காக்ளியர் இம்பிளான்ட் என்ற உட்செவிக் கருவியைப் பொருத்திக்கொண்ட பெரியவர்கள் இதைவிடத் தூரம் பயணம் செய்தவர்கள். இயல்பான உட்செவியில் ஏறத்தாழ 3,500 உள் மயிர்ச்செல்கள் செய்யும் வேலையை அங்கே 22 மின்முனைகளோ அதற்குக் குறைவோ செய்கின்றன. கேட்டுப் பழகி, பிறகு செவியிழந்து, இதைப் பொருத்திக்கொண்டவர்களில் பலர் முதல்நாள் கேட்கும் குரல்களை ரோபோ பேசுவதுபோல, கார்ட்டூன் கீச்சுப்போல என்று சொல்கிறார்கள். மாதங்கள் போகப்போக மனைவியின் குரல் மனைவியின் குரலாக ஆகிறது. ஆடியோலஜிஸ்ட் இடையிடையே கருவியைத் திருத்தி அமைப்பதும் உண்டு, ஆனால் பெரும்பகுதி வேலையைச் செய்வது மூளை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்தக் கருவி பொருத்தப்படுகிறது. அறுவை சிகிச்சை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று விட்டுவிடுவதில்லை. கேட்கவும் பேசவும் பயிற்சி கட்டாயம். வாரம் தவறாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மாரிடம் யாரும் 'கருவி பழகட்டும்' என்று சொல்வதில்லை. குழந்தையைப் பழக்குங்கள் என்றுதான் சொல்கிறார்கள். காது கேட்கும் மெஷினை முதன்முதலாக மாட்டிக்கொண்ட முதியவர்களுக்கும் இதே அறிவுரைதான்: கழற்றி அலமாரியில் வைத்துவிடாதீர்கள், மாட்டிக்கொண்டே இருங்கள். தட்டு கழுவும் சத்தம் இடிபோல விழுவது சில வாரங்களில் அடங்கிவிடும்.

காது தன் காலத்துக் கருவிகளுக்கும் பழகும். 1915 முதல் பத்தாண்டுபோல எடிசன் கம்பெனி ஊர் ஊராக நடத்திய 'தொனிச் சோதனை'களில், மேடையில் பாடகி பாடுவார், பக்கத்தில் கிராமஃபோன் பாடும், நடுவே விளக்கு அணையும். எது மனிதர், எது இயந்திரம் என்று தெரியாமல் கூட்டம் திகைத்ததாக விளம்பரங்கள் சொல்லின. விளம்பரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடையில் நின்ற பாடகி அன்னா கேஸ், இயந்திரத்துக்கு இணங்கும்படி தன் குரலை அமைத்துக்கொண்டு பாடியதைப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் இசைத்தட்டின் கரகரப்பைக் கடந்து அந்தக் கூட்டத்தால் கேட்க முடிந்திருக்கிறது. அதே இசைத்தட்டை இன்றைக்குப் பள்ளிப் பிள்ளை ஒன்றிடம் போட்டுக் காட்டினால், மழை பெய்கிறதா என்று கேட்கும்.

மாற்றம் கருவியில் நடக்கிறதா, காதில் நடக்கிறதா என்று பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி அந்தச் சடங்கிலேயே இருக்கிறது. கருவியில்தான் நடக்கிறது என்றால், பூட்டிய அறையில் கம்பளிக்கடியில் இருநூறு மணி நேரம் ஓடினால் போதும், நாம் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. காதில் நடக்கிறது என்றால், ஆளில்லாத அறையில் ஓடுவது மின்சார வாரியத்துக்கு லாபம், வேறொன்றும் இல்லை. உட்கார்ந்து கேட்ட மணிகள் மட்டுமே கணக்கில் வரும். பர்ன்-இன் என்ற பெயரில் புழங்கும் அறிவுரைகளிலேயே மோசமானது, வீட்டில் இல்லாதபோது ஓடவிடுங்கள் என்பது. பயனுள்ள ஒரே பகுதியை, அதாவது கேட்பவரை, அது வெளியே அனுப்பிவிடுகிறது.

இந்த நம்பிக்கையை முழுக்க எள்ளி நகையாடவும் எனக்கு மனமில்லை. முப்பது வினாடிக்குள் பிடிக்கவில்லையென்றால் அடுத்த பாட்டுக்குத் தாவுகிற இந்நாளில், ஒரு பொருளோடு இருநூறு மணி நேரம் இருந்து பார் என்று யாரோ ஒருவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். காரணம் தப்பாக இருந்தாலும், அப்படி இருந்தவர்களுக்கு ஏதோ கிடைத்திருக்கிறது. பழைய பதிவில் தம்புராவுக்குப் பின்னால் யாரோ செருமுவது, வயலின்காரர் வில்லைத் திருப்பும் இடம், கடம் வாசிப்பவரின் மோதிரம் பானையில் படுவது என்று முன்பு காதில் விழாதவை ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்திருக்கும். அவை முதல்நாளும் அங்கேதான் இருந்தன. கேட்கக் கற்றுக்கொண்டது அவர்கள். அந்தப் பெருமையை ஒரு துண்டுச் செம்புக் கம்பிக்கு எழுதிக்கொடுப்பானேன்?

விற்பவர்கள் விஷயத்தில் இந்தத் தாராளம் எனக்கு வராது. கணக்கு போட்டுப் பாருங்கள். வேலைக்குப் போய்வருகிற ஒருவர் தினம் இரண்டு மணி நேரம் கேட்டால், இருநூறு மணி நேரம் முடிய நூறு நாள். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு பெரும்பாலும் ஏழு நாள், பத்து நாள், தாராளமென்றால் முப்பது. பொருள் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான், பிடிக்கவில்லை என்று சொல்ல நமக்கு அனுமதி கிடைக்கிறது. அதற்குள் காது இணங்கிப்போயிருக்கும். நல்ல கருவிக்கும் இணங்கும், சுமாரான கருவிக்கும் இணங்கும். அதனால், பழகிவிட்டது என்பது தரத்துக்குச் சான்றாகாது.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்கிய வாரத்திலேயே, மனப்பாடமாகத் தெரிந்த நாலு பாட்டைப் போட்டு உட்கார்ந்து கேளுங்கள். பெட்டியை நகர்த்திப் பாருங்கள், ஹெட்போனைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இருநூறு மணி நேரம் ஆகட்டும் என்று கடைக்காரர் சொன்னால் கோபிக்க வேண்டாம். அவர் கடையில் மாதிரிக்கு வைத்திருக்கும் பெட்டி மாதக்கணக்கில் ஓடியிருக்கும். அதே மாடலில் சீல் பிரிக்காதது குடோனில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே துணியைப் போட்டு, எது எதுவென்று சொல்லாமல் போட்டுக்காட்டச் சொல்லுங்கள்.